கோவளம் அணி இரண்டாம் டிவிஷனுக்குப் போன சாயங்காலம்

எனக்கு ரிட்டயர்மென்ட் இரண்டு தடவை நடந்தது. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்ததற்கு ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். மாவட்டக் கால்பந்து லீகில் ரெஃப்ரியாக இருந்ததற்கு முழங்கால் வலிதான் மிச்சம். ஆனால் எந்த வேலையை நினைத்தால் இன்னும் மண்டை காய்கிறது என்று கேட்டால், சால்வை போடாத வேலையைத்தான் சொல்வேன்.

போன மாதம் செங்கல்பட்டில் புது ரெஃப்ரிகளுக்கு வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். இனிமேல் லீக் ஆட்டங்களில் கோலுக்குப் பின்னால் போன் வைத்து வீடியோ பிடிக்கப் போகிறார்களாம். சந்தேகம் வந்தால் ஓடிப்போய்ப் பார்த்துக்கொள்ளலாமாம். ஒரு பெண் எழுந்து, வீடியோ இல்லாத காலத்தில் சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள் டீச்சர் என்று கேட்டாள். சந்தேகமே வராத மாதிரி மூஞ்சியை வைத்துக்கொள்வோம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கோவளம் ஆட்டம் ஞாபகத்துக்கு வந்தது, சிரிப்பு போய்விட்டது. அந்த ஆட்டத்துக்கு நாலு பக்கமும் வீடியோ வைத்திருந்தாலும் என் குழப்பம் தீர்ந்திருக்காது.

நான் செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு காலனியில் பிறந்தவள். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் அடுத்தவர் கழனியில்தான் வேலை. ஓட்டத்தில் நான் வாங்கிய கப்புகளைப் பார்த்து ஒரு வாத்தியார் பி.டி. பயிற்சிக்கு எழுதிப் போட்டார், அதில் சேர்ந்தேன், வேலை கிடைத்தது. ரெஃப்ரி ஆனது தற்செயல். பள்ளிப் பிள்ளைகளை ஒரு போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வரவேண்டிய ரெஃப்ரி வரவில்லை. மைதானத்து ஓரத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் என்னிடம் விசிலை நீட்டி, ஓடத் தெரியுமில்ல, போ என்றார். அவர்தான் மாசிலாமணி சார்.

மாசிலாமணி சார் அப்போது லீகின் ரெஃப்ரி கமிட்டிச் செயலாளர். எங்களை எந்த ஆட்டத்துக்கு அனுப்புவது என்பதெல்லாம் அவர் கையில். வெள்ளைச் சட்டை போடுவார், வெயிலோ மழையோ கறுப்புக் குடை இருக்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். நாம் குனிந்து, காதைக் கொடுத்து நம் திட்டை நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். அதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம் என்று இருக்கும்.

ஆட்டத்துக்கு ரொம்ப முன்னாடியே மைதானத்தில் நிற்க வேண்டும் என்பது அவர் சட்டம். முதலில் கோட்டைச் சுற்றி நடக்க வேண்டும். அப்புறம் கோல் வலையைக் கையால் பிடித்து ஒவ்வொரு கொக்கியாக இழுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எங்கள் மூன்றாம் டிவிஷன் வலைகளில் ஓட்டை இல்லாத வலை கிடையாது. பிறகு இரண்டு அணியையும் வரிசையாக நிறுத்துவோம். பையன் ஒற்றைக் காலில் நின்று பூட்ஸின் அடியைக் காட்ட வேண்டும், நான் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும், கூராக ஏதாவது குத்துகிறதா என்று. நகம் பார்ப்போம். செயின், காப்பு, மோதிரம் எல்லாம் கழற்றச் சொல்வோம். கையிலிருக்கும் சாமிக் கயிற்றைக் கழற்றமாட்டேன் என்பவனுக்கு மேலே பிளாஸ்திரி ஒட்டுவோம்.

ஆட்டம் முடிந்ததும் அவரிடம் போய் நிற்க வேண்டும். அங்கேதான் பரீட்சையே. நான் ஒரு பெனால்டி கொடுத்திருந்தால், ஏன் கொடுத்தாய் என்று கேட்கமாட்டார். நீ அப்போது எங்கே நின்றாய், உனக்கும் பந்துக்கும் நடுவில் யார் இருந்தார்கள் என்று கேட்பார். "தள்ளியிருப்பான் சார்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். அவர் குடையை மடக்கி, ரொம்ப மெதுவாக, "இருப்பான், போவான்லாம் வூட்ல வச்சிக்கம்மா. கண்ணு பாத்தத மட்டும் குடு" என்றார். அதற்கப்புறம் ஒரு மாதம் எனக்கு ஆட்டமே கொடுக்கவில்லை.

கோவளம் அணியை நான் முதலில் பார்த்தது அவர்களைப் பற்றிய ஒரு புகாரில். கோவளத்துக் கடற்கரையில் மீன்பிடிக்கிற குப்பத்துப் பையன்கள் சேர்ந்து வைத்த கிளப் அது, கடலோரம் ஸ்போர்ட்ஸ் கிளப் என்று பேர். விடியற்காலையில் வலை இழுத்துவிட்டு, அப்படியே பஸ் ஏறி ஆட வருவார்கள். செங்கல்பட்டில் எதிரணிக் கேப்டன் என்னிடம் வந்து, இவங்க மேல மீன் நாத்தம் தாங்கல டீச்சர், பக்கத்துல நின்னு மார்க் பண்ண முடியல, எழுதிக்கோங்க என்றான். நான் முழித்தேன். மாசிலாமணி சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் விதிப் புத்தகத்தைத் திறந்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, நாத்தத்துக்கு விதி இல்லம்மா என்று மூடிவைத்தார். அன்றைக்குக் கோவளத்துப் பையன்கள்தான் ஜெயித்தார்கள். யாரும் பக்கத்தில் போகவில்லை, பின்னே எப்படித் தோற்பார்கள்.

அவர்கள் கேப்டன் சகாயம். முப்பதைத் தாண்டிய ஆள், காசிமேட்டில் லாஞ்சில், அதாவது பெரிய விசைப்படகில் வேலை. மணலிலேயே ஆடிப் பழகிய கால் என்பதால் கெட்டித் தரைக்கு வந்தால் பறப்பார். இத்தனைக்கும் ஆட்டத்தில் அவருக்கு இனிமேல் கிடைக்கப்போவது ஒன்றும் இல்லை, வயசு போய்விட்டது. அவர் ஆடியது கிளப்பில் இருந்த பத்தொன்பது, இருபது வயசுப் பையன்களுக்காக. எங்கள் மாவட்டத்தில் இரண்டாம் டிவிஷனில் இருந்தால்தான் மாவட்ட அணித் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். மாவட்ட அணிச் சான்றிதழ் இருந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போட முடியும். மூன்றாம் டிவிஷனில் நீ தலைகீழாக நின்று கோல் போட்டாலும் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அவருடைய அக்கா மகன் டேனி அந்த அணியில் பின்வரிசை ஆட்டக்காரன். அந்தப் பையனைச் சகாயம் ஒரு நாளும் போட்டில் ஏற்றியதில்லை. மீன்காரன் வூட்டுப் புள்ள போட்டு ஏறாம இன்னா கலெக்டராவப் போறானா என்று குப்பத்தில் கேலி பேசுவார்களாம். சகாயம் என்னிடம் ஒரு தடவை நேராகவே சொன்னார். "டீச்சர், எங்க அப்பன், நானு, எல்லாம் கடலுக்கே குடுத்துட்டோம். இவனுங்க நாலு பேராவது கரையில சம்பளம் வாங்கட்டும். ரெண்டாவது டிவிஷன் மட்டும் போயிட்டா போதும்." எனக்கு அது மனசில் ஒட்டிக்கொண்டது. என் அப்பாவும் இதே மாதிரி, கழனிச் சேறு உன் கால்ல ஒட்டக் கூடாது என்று சொல்லிச் சொல்லித்தான் என்னை ஓடவிட்டார்.

அந்த ஆட்டம் நடந்த வருஷம் சகாயம் லாஞ்சுக்கே போகவில்லை. ஊரிலேயே இருந்து ஃபைபர் போட்டில் கூலிக்குப் போய்க்கொண்டு, பையன்களை ஆட வைத்தார். வீட்டில் சண்டை என்று கேள்விப்பட்டேன், இருக்காதா பின்னே. முதல் ஆட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள், மற்றவர்கள் வலையிலிருந்து திரும்பவில்லை. அதிலும் டிரா செய்தார்கள். கல்பாக்கத்துப் பையன்களோடு ஆடிய ஆட்டத்தில் மழை கொட்டி, பந்து தண்ணீரில் மிதந்தது. இவர்களுக்கு அது வீட்டு முற்றம் மாதிரி. மூன்று கோல் போட்டுவிட்டு வந்தார்கள். மூன்றாம் டிவிஷனிலிருந்து ஒரே ஒரு அணிதான் மேலே போகும். கடைசி ஆட்டத்துக்கு முன்னால் திருக்கழுக்குன்றத்து வேதகிரி பாய்ஸ் முதலிடத்திலும் கோவளம் இரண்டாமிடத்திலும் நின்றன. கடைசி ஆட்டம் இந்த இரண்டு பேருக்குள்தான். டிரா ஆனாலே திருக்கழுக்குன்றம் மேலே போய்விடும். கோவளம் போக வேண்டுமானால் ஜெயித்தே ஆகவேண்டும்.

ஆட்டம் கோவளத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சவுக்குத் தோப்பை ஒட்டிய மைதானத்தில் நடந்தது. தோப்புக்கு அந்தப் பக்கம் கடல். அன்றைக்கு அலை பெருசு, காற்றும் இருந்தது. மாசிலாமணி சார் பிளாஸ்டிக் நாற்காலியில் குடையோடு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் டிவிஷனில் லைன்ஸ்மேனுக்கு லீக் ஆள் அனுப்பாது, ஒவ்வொரு கிளப்பும் ஒரு ஆளைக் கொடியோடு நிறுத்தும். ஆக, முழு ரெஃப்ரி நான் ஒருத்திதான். சகாயம் முதல் பாதியிலேயே தலையால் ஒரு கோல் போட்டுவிட்டார். ஒன்று பூஜ்யம். அப்படியே போனால் கோவளம் இரண்டாம் டிவிஷன்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. சகாயம் நடுவில் பந்தை வாங்கி, இரண்டு பேரைத் தாண்டி, கோலுக்கு நேராகப் போய்விட்டார். எதிரே திருக்கழுக்குன்றத்துக் கோல்கீப்பர் குணா ஒருவன்தான். நான் பின்னால் ஓடுகிறேன். அப்போது தோப்புப் பக்கமிருந்து ஒரு சத்தம், போட்டு கவுந்துட்ச்சி என்று.

சகாயம் பந்தைக் காலடியில் நிறுத்தினார். திரும்பினார். கடலைப் பார்த்து ஓடினார்.

அடித்துவிட்டு ஓடியிருக்கலாம், ஐயா. ஒரு உதை. குணா அவர் காலைப் பார்க்கவே இல்லை, சத்தம் வந்த பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வலைக்குள் தள்ளிவிட்டு ஓடியிருந்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? ஏன் அடிக்கவில்லை என்று அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

அவர் பின்னால் கோவளத்து அணி முழுக்க ஓடியது. அது அவர்கள் வழக்கம். போட்டு கவிழ்ந்தால் கரையில் இருக்கிற ஆம்பளை ஓடவேண்டும், யார் போட்டு என்று கேட்கக்கூடாது. கோல்கீப்பர் கையுறையோடு ஓடினான். கோவளத்து லைன்ஸ்மேன் கொடியோடு ஓடினார். வேடிக்கை பார்த்த ஜனம் அத்தனையும் ஓடியது. போனில் ஆட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்களும் போனைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு ஓடினார்கள்.

திருக்கழுக்குன்றத்துப் பையன்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் மலையடிவாரத்து ஆட்கள், இந்தக் கூப்பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். குணா அனாதையாகக் கிடந்த பந்தை எடுத்து ஒரு உதை விட்டான். வேலு என்ற அவர்கள் முன்வரிசைப் பையன் அதைப் பிடித்துக்கொண்டு ஓடினான். எதிரே ஆளே இல்லை. காலிக் கோலில் போட்டுவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தான். கைதட்ட ஒருத்தரும் இல்லாததைப் பார்த்துக் கையை இறக்கினான்.

இப்போது என் பாடு. பையன்கள் கடலுக்கு ஓடியபோதே நான் விசிலை வாயில் வைத்துவிட்டேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஊதினேனா என்பதுதான் ஞாபகம் இல்லை. ஊதியிருந்தால் ஆட்டம் அப்போதே நின்றது, கோல் இல்லை. ஊதாமல் இருந்தால் கோல் உண்டு. வேலுவைக் கேட்டேன். "கேக்கல டீச்சர். கேட்டுருந்தா நின்னுருப்பேன்" என்றான். பாவம், பொய் சொல்கிற முகமில்லை. குணா ஏதோ கேட்ட மாதிரி இருந்தது, காத்தாவும் இருக்கலாம் என்றான். அவர்கள் லைன்ஸ்மேன் கேட்கவில்லை என்றார். கோவளத்துத் தரப்பில் கேட்க ஆளே இல்லை.

மாசிலாமணி சாரிடம் போனேன்.

"ஊதுனியா?" என்றார்.

"தெரியல சார்."

அவர் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தார். திட்டுவார் என்று குனிந்தேன். திட்டவில்லை. நீதான் ரெஃப்ரி, பந்தை எங்கே வைக்கிறாயோ அதுதான் தீர்ப்பு என்று மட்டும் சொன்னார். நடு வட்டத்தில் வைத்தால் கோல். சகாயம் விட்டுவிட்டுப் போன இடத்தில் வைத்தால் கோல் இல்லை. நான் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மைதானத்தில் நடந்தேன். திருக்கழுக்குன்றத்துப் பையன்கள் என் காலையே பார்த்தார்கள். ஊதியது நிச்சயம் இல்லை, பந்து வலைக்குள் போனது நிச்சயம். நிச்சயமானதைக் கொடுப்போம் என்று நடு வட்டத்தில் வைத்தேன். ஒன்றுக்கு ஒன்று. சகாயத்தின் வருஷம் முழுக்க அந்த வட்டத்தில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

வைத்தாயிற்று, ஆடுவதற்கு ஆள்? ஒரு அணியில் குறைந்தது ஏழு பேர் இல்லாமல் ஆட்டத்தை மறுபடி தொடங்கக்கூடாது என்பது விதி. இன்னொரு விதியும் இருக்கிறது. ரெஃப்ரியைக் கேட்காமல் மைதானத்தை விட்டுப் போனால் மஞ்சள் அட்டை. அப்படிப் பார்த்தால் உயிரைக் காப்பாற்றப் போன அத்தனை பேருக்கும் நான் அட்டை காட்ட வேண்டும். சாரிடம் இதையும் கேட்டேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல்.

"ஏம்மா, அவங்க போனத நீ பாத்தியா?" என்றார்.

"பாத்தேன் சார், எல்லாரும் பாத்தோம்."

"நான் குடைய மடக்கிகினு இருந்தேன். நான் பாக்கல" என்றார். எத்தனை வருஷமாக அவரிடம் திட்டு வாங்கியவள் நான். அந்த வார்த்தை அந்த வாயிலிருந்துதான் வந்ததா என்று நின்றுவிட்டேன். அட்டையைப் பையிலேயே விட்டேன்.

காத்திருந்தோம். தோப்புக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பையன்கள் வந்தார்கள், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. முன்னால் டேனி. எண்ணிப் பார்த்தேன், ஏழு பேர். கரையில் கழற்றிப் போட்ட பூட்ஸை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். என்னாச்சு என்று டேனியைக் கேட்டேன். போட்டில் நாலு பேர் போனார்களாம், மூன்று பேரை இழுத்து வந்தாயிற்றாம். பாக்கியம் என்கிற வயசானவர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. மூன்று போட்டு தேடப் போயிருக்கிறது, மாமாவும் ஒரு போட்டில் போயிருக்கிறார் என்றான்.

"அப்புறம் நீங்க ஏன்டா வந்தீங்க?"

"பெருசுங்கதான் டீச்சர் அனுப்ச்சாங்க. கரையில நின்னு இன்னா பண்ணப் போறீங்க, வருசம் பூரா ஒயச்சீங்களே, போய் ஆடி முடிங்கடான்னாங்க."

ஒரு மனுஷன் கடலில் கிடக்கும்போது பந்து விளையாடலாமா? எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை. சாரைப் பார்த்தேன். ஏழு பேர் இருக்காங்களா என்றார். இருக்காங்க என்றேன். வெளிச்சம் இருக்கா என்றார். கொஞ்சம் இருக்கு என்றேன். ஊதினேன். இந்த முறை ஊதியது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த மாதிரி ஒரு ஆட்டத்தை அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஏழு பேரும் பதினோரு பேரும் ஆடுகிறார்கள், ஒருத்தனுக்கும் பந்து வேண்டாம். கால் பந்தில் இருக்கிறது, கண் தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. டிரா போதும் என்கிற திருக்கழுக்குன்றத்துப் பையன்கள் ஓடிப்போய்ப் பந்தை மூலையில் வைத்துக்கொண்டிருக்கலாம். வைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் கேப்டனே பந்தைத் தொட்டதும் சுட்டுவிட்ட மாதிரி யாருக்காவது தள்ளிவிட்டான். கடைசியில் அது டேனியிடம் வந்தது. பாதி மைதானத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றான். தலையைக் குனிந்தான். கண்ணை மூடிக்கொண்டானோ என்னவோ, ஓங்கி ஒரு உதை விட்டான்.

காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போனது. குணா பந்தைப் பார்க்கவில்லை, முகம் கடல் பக்கம் இருந்தது. பந்து அவன் தோளைத் தாண்டி உள்ளே விழுந்தது. அதே நேரத்தில் கரையிலிருந்து ஒரு பெரிய ஆரவாரம். கோலுக்குத்தான் கத்துகிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, மைதானத்தில் ஆட்டம் பார்க்க ஒரு ஈ, காக்காய் இல்லை. பாக்கியம் என்ற அந்த மனிதர் வலை மிதப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வடக்கே தூரத்தில் மிதந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்கள். அந்தச் சத்தம் அது.

இரண்டுக்கு ஒன்று. ஆட்டத்தை முடித்தேன். கோவளம் இரண்டாம் டிவிஷன். கை கொடுப்பதற்கு ஒருத்தரும் இல்லை. ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் சேர்ந்து கடற்கரைக்கு ஓடிவிட்டார்கள்.

பின்னால் இதைப் பற்றிப் பெரிய பேச்சு நடந்தது. குணா வேண்டுமென்றே விட்டான் என்று திருக்கழுக்குன்றத்தில் அவனோடு பாதிப் பேர் பேசாமல் இருந்தார்கள். அவனைக் கடைத்தெருவில் பார்த்தபோது நானே கேட்டேன். சத்தம் கேட்டுத்தான் டீச்சர் திரும்புனேன், அதுக்குள்ள பந்து உள்ள போயிட்ச்சி என்றான். இன்னொரு தடவை, இல்ல, பந்து விழுந்தப்புறம்தான் சத்தம் வந்துச்சி, நான் சும்மா கடலைப் பாத்துகினு இருந்தேன் என்றான். ரெண்டில் எது என்றேன். அவனுக்கே தெரியவில்லை. போனில் பிடித்தவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அலைதான் இருந்தது, மைதானம் ஒன்றில்கூட இல்லை. அடுத்த வருஷம் மாவட்ட அணிக்கு டேனியை எடுத்தார்கள், அதற்கப்புறம் வேலையும் கிடைத்தது. இதெல்லாம் கோவளத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அன்றைக்குக் கரையில் சகாயம் என்னிடம் கேட்டது மட்டும்தான் எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஆட்டத்தை முடித்துவிட்டு நானும் மாசிலாமணி சாரும் தோப்பைத் தாண்டிக் கரைக்குப் போனோம். அப்போதுதான் போட்டு வந்து சேர்ந்தது. பாக்கியத்தைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கையை ஆட்டினார், உயிரோடு இருந்தார். பொம்பளைகள் அழுதுகொண்டும் அவரைத் திட்டிக்கொண்டும் பின்னால் ஓடினார்கள். சகாயம் போட்டிலிருந்து இறங்கி, ஜெர்ஸியோடு மணலில் உட்கார்ந்தார். உதடெல்லாம் வெளுத்து நடுங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு நல்ல சேதியை நான்தான் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"சகாயம், ரெண்டு ஒண்ணு. நீங்க ஜெயிச்சிட்டீங்க. ரெண்டாவது டிவிஷன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"ஆடுனீங்களா?" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். ஏழு பேர் வந்ததை, பெரியவர்கள் அனுப்பியதை, ஆட்டத்தைத் தொடங்கியதை.

"யாரு அடிச்சது?"

"டேனி."

டேனி தூரத்தில் படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மாமாவைப் பார்த்தும் கிட்டே வரவில்லை. சகாயம் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டீச்சர், ஒண்ணு மட்டும் சொல்லு. பாக்கியம் அண்ணாத்தய பாத்தப்புறம் அடிச்சானா, அவரு கடல்ல கெடக்கும்போதே அடிச்சானா?"

வாட்ச்சைப் பார்த்தேன். கோல் விழுந்த நேரத்தை அதைப் பார்த்துக் குறித்திருந்தேன், கடலில் ஆள் தெரிந்த நேரம் எந்த வாட்ச்சில் இருக்கும்? வருஷம் முழுக்க இந்தப் பையன்களைக் கடலிலிருந்து பிய்த்தெடுக்கப் பாடுபட்ட மனுஷன், அது நடந்த அன்றைக்கு இப்படி ஒரு கேள்வி கேட்கிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. மாசிலாமணி சார் பக்கத்திலேயே நின்றார். சகாயம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தப்புறம்தான்" என்றேன்.

"நெஜமாவா?"

"நெஜமா சகாயம். கரையில சத்தம் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் அடிச்சான்."

நான் சொன்னது உண்மையா பொய்யா என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. சகாயம் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். எழுந்து, கால் மணலில் புதையப் புதையப் போய், டேனியை இழுத்துக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் தேம்பினார்கள். மாமனின் தோளுக்கு மேலே டேனி என்னைப் பார்த்தான். என்னவோ கேட்பது போல இருந்தது. நான் அவன் கண்ணைப் பார்க்காமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.